கலெக்டர் மேல் ஒரு புகார்

எங்கள் சங்கத்து மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டுமாம். மற்றவர்கள் முந்திக்கொண்டுவிட்டார்கள். ஒருவர் புயலில் செத்த மாடுகளைக் கணக்கெடுத்ததை எழுதுகிறார். இன்னொருவர் வயிற்றுக்குள் திரும்பிக் கிடந்த கன்றை இழுத்து எடுத்ததை எழுதுகிறார். அந்தக் கன்றை இழுத்தது நான். அவர் வாளி பிடித்துக்கொண்டிருந்தார். போகட்டும், எனக்கு மிச்சம் இருப்பது ஒரு பூனை.

"முப்பத்திநாலு வருஷம் மாடு புடிச்சிட்டு, கடைசியில பூனை மூத்திரத்தப் பத்தியா எழுதப் போறீங்க?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு காப்பி போடப் போய்விட்டாள்.

காரணம் இருக்கிறது. போன மாதம் நான் கடைசியாக வேலை பார்த்த மருந்தகத்திலிருந்து, இப்போது என் இடத்தில் இருப்பவர் போன் செய்தார். யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறாராம். பூனை மண் தட்டில் போகாமல் சோபாவில் போகிறதாம், என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டார். படத்தை எனக்கும் அனுப்பினார். சோபா நன்றாகத் தெரிந்தது. பூனையையும் காணோம், வீட்டையும் காணோம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கொஞ்சம் கத்திவிட்டு வைத்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், நானும் ஒரு காலத்தில் அப்படித்தானே இருந்தேன் என்று. அதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் பெயர் மாணிக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போனவர்கள். பிற்காலத்தில் அப்பா வாய்க்காலின் கடைமடையில் மூன்று மா நிலம், ஒரு ஏக்கர் இருக்கும், குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். எனக்குக் கால்நடைத் துறையில் உதவியாளர் வேலை கிடைத்தபோது, அரசாங்க உத்தியோகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாட்டுக்கு மூக்கைப் பிடிப்பது, கயிறு போட்டுக் காளையைச் சாய்ப்பது, ஊசிக்குக் கழுத்தைத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் இரண்டு வருஷத்தில் கைக்கு வந்துவிட்டது. அடுத்த இருபத்தைந்து வருஷமும் அதே வேலைதான். எங்கள் இடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் கால்நடை மருந்தகம். ஊரில் எல்லோருக்கும் அது மாட்டு ஆஸ்பத்திரி. பூனையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் நான் சிரிப்பேன்.

டாக்டர் எஸ்தர் வந்தபிறகு அந்தச் சிரிப்பு நின்றது. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர், ஆனால் எனக்கு மேலதிகாரி. என்னை "மாணிக்கம் அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். நான் டாக்டரம்மா என்பேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பேனாவை மூடி மேசையில் வைத்துவிடுவார். அந்தப் பேனா மூடுகிற சத்தத்துக்கு நான் பயந்திருக்கிறேன், முட்ட வந்த எருமைக்குப் பயந்ததில்லை.

அந்தச் சமயத்தில் ஊரில் வீடுகள் மாறிக்கொண்டிருந்தன. மண் தரை போய் டைல்ஸ் வந்தது. கொல்லைக்கும் சிமெண்டு போட்டார்கள். அதுவரை பூனை எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை, கொல்லையில் பள்ளம் பறித்துப் போய்விட்டு மூடிவிடும். இப்போது வீட்டுக்குள் சித்தாள் மண் சுமக்கும் பாண்டிலோ தட்டிலோ மணல் வைக்க வேண்டியதாயிற்று. அதில் போகாமல் வேறு இடத்தில் போனால் பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்துவிடுவார்கள்.

டாக்டரம்மா பூனையைப் பார்க்கும் விதமே வேறு. கூடையை மேசையில் வைக்க விடமாட்டார், தரையில்தான் வைக்க வேண்டும். பாதி கூடையைத் துண்டால் மூடுவார். கடகடவென்று ஓடும் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். கதவைச் சாத்திவிட்டு நான் அதன் பக்கத்தில் பேசாமல் நிற்க வேண்டும். பிடரியைப் பிடித்துத் தூக்குவதில் நான் கெட்டிக்காரன், அதை அவர் கேட்கவே இல்லை. பேசாமல் நிற்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

பிறகு அவரும் தரையில் உட்காருவார். பூனையைத் தொடமாட்டார். ஓ.பி. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் வீட்டை வரையச் சொல்லுவார். சோறு எங்கே வைக்கிறீர்கள், மணல் எங்கே, யார் எங்கே படுக்கிறார்கள், சத்தம் எங்கிருந்து வருகிறது, வெளிப் பூனை எந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொல்லுவார். ஆண்கள் ஹாலை மட்டும் பெரிதாக வரைந்துவிட்டு முழிப்பார்கள். பெண்கள் கொல்லையிலிருந்து ஆரம்பித்துச் சரியாக வரைவார்கள். பூனை நின்றுகொண்டு வாலைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறதா, உட்கார்ந்து போகிறதா என்று கேட்பார். நின்று அடித்தால் அது எல்லை வைக்கிறது, அதற்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்வது பெரும்பாலும் உதவும். உட்கார்ந்து போனால் அதற்கு ஏதோ கஷ்டம் இருக்கிறது. இதை ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் சொல்லுவார்.

எனக்கு இதெல்லாம் வேண்டாத வேலையாகத் தெரிந்தது. மாட்டுக்கு யார் வீட்டை வரைகிறார்கள்? எங்கள் வீட்டில் பூனை தப்பு செய்தால் அதன் மூக்கை அங்கேயே தேய்த்துவிட்டு வெளியே எறிவோம், அவ்வளவுதான் வைத்தியம்.

அவர் வந்த இரண்டாம் மாதம் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். நான் மருத்துவன் இல்லை. ஆனால் மருத்துவர் இல்லாத நாளில் அரை மருத்துவன் ஆகிவிடுவது என் பழக்கம். ஒரு தலைமையாசிரியை தன்னுடைய கடுவன் பூனையைக் கொண்டுவந்தார். மணலில் போய்ப் போய் உட்காருகிறது, எழுந்து வந்து மூலையில் உட்காருகிறது, அங்கும் இங்கும் இரண்டு சொட்டு, ஒரே கத்தல் என்றார். "மணல் பிடிக்கலம்மா, மாத்திப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மூத்திரக் குழாய் அடைத்து, வயிறு கல்லாகிப் பூனை துவண்டு கிடந்தது. டாக்டரம்மா மதியம் வரை போராடினார். காப்பாற்ற முடியவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, இனிமே எந்தப் பூனை வந்தாலும் முதல்ல ஒண்ணே ஒண்ணு கேளுங்க. மூத்திரம் வருதா, வரலையா. வரலன்னா அது குறும்பு இல்ல, உயிர் போற விஷயம். நான் எங்க இருந்தாலும் போன் போடுங்க." அந்தத் தலைமையாசிரியை வெளியே பெஞ்சில் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பின்பக்கமாகப் போய் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தேன், தொட்டி நிரம்பி வழிந்தபிறகும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்ததுதான் கலெக்டர்.

கலெக்டர் என்பது சாம்பல் வரி போட்ட ஒரு பெட்டைப் பூனை. வளர்த்தவர் சவரிமுத்து ஐயா, பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் வாய்க்கால் மதகுகளைத் திறந்து அடைப்பவர். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் கையில் இருக்கும் இரும்புச் சாவியில்தான். வேலைக் காலம் முழுக்க, கலெக்டர் பார்வையிட வருகிறார் என்ற சேதிக்கே நடுங்கியவராம். ஓய்வு பெற்றபிறகு வந்து சேர்ந்த பூனை வீட்டில் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி இல்லாமல் திரும்புவதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார். இப்போது கலெக்டர் அவர் காலடியில் படுத்துத் தூங்கியது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் முறை முடிந்துவிடும். அப்பா மதகடியில் போய்க் கும்பிட்டு நிற்பார். "கும்பிடாதய்யா, போய் மடையப் பாரு" என்று சொல்லிவிட்டு, சவரிமுத்து ஐயா ஒரு பீடி முடிகிற வரைக்கும் கூடுதலாகத் திறந்து வைத்திருப்பார். அந்தத் தண்ணீரில் நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம்.

முதல் தடவை கலெக்டரைக் கொண்டுவந்தது அவர் மருமகள் ஸ்டெல்லா. வயர் கூடையில் பூனை, கையில் நனைந்த பட்டு ரவிக்கைத் துணி. ஸ்டெல்லா வீட்டிலேயே தையல் தைப்பவள், துணி ஒரு கல்யாணப் பெண்ணுடையது. நான் மறக்காமல் முதல் கேள்வியைக் கேட்டேன். மூத்திரம் நன்றாகத்தான் வருகிறது, வரும் இடம்தான் சரியில்லை என்றாள். டாக்டரம்மா வீட்டை வரையச் சொன்னார். கொல்லைப் பக்கத்துக் குளியலறையில் மணல் பாண்டு, அதை ஒட்டி ஒரு சதுரம். அது என்ன என்று கேட்டதற்கு, பொங்கலுக்கு வாங்கிய வாஷிங் மெஷின் என்றாள். டாக்டரம்மா பேனா முனையை அந்தச் சதுரத்தில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவளே சொல்லிவிட்டாள்: "பிழியிறப்ப அது ஆடும் டாக்டர். இது உள்ள உக்காந்திருக்கும்போது ஆடிருக்கும்."

மாடிப்படிக்கு அடியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பாண்டை மாற்றி வைக்கச் சொன்னார். பழைய மணலில் கொஞ்சத்தைப் புது மணலோடு கலக்கச் சொன்னார், அப்போதுதான் இது தன் இடம் என்று அதற்குத் தெரியும். தினம் இரண்டு வேளை கட்டியை அள்ளிவிட வேண்டும். நனைந்த துணிக்கு ஆப்பசோடாவும் வெயிலும் போதும், பினாயில் ஊற்றினால் அந்த நெடிக்கே திரும்ப அங்கே போகும். அடிக்கக் கூடாது, மூக்கைத் தேய்க்கக் கூடாது. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். ஒரு வாரத்தில் கலெக்டர் ஒழுங்காகிவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஸ்டெல்லா திரும்பவும் வந்தாள். இந்த முறை பூனை இல்லை, பழைய சீட்டு மட்டும். இப்போது மாமாவின் படுக்கையில் என்றாள். தினமும் விடிகாலையில் படுக்கை நனைந்திருக்கிறது. வீட்டுக்காரருக்குக் கோபம்.

டாக்டரம்மா ஒரு கேள்விதான் கேட்டார். "பாண்டுல மண்ணு கட்டி எப்பவும் போல இருக்கா, குறைஞ்சிருக்கா?"

"அதே மாதிரிதான் இருக்கு டாக்டர். குறையல." சீட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். "பூனைதான்னு அவங்க எல்லாரும் சொல்றாங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி மேசையில் வைத்தார். கோபம் இல்லை, யோசனை. தானே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லி அவளை அனுப்பினார். ஆனால் அந்த வாரம் கோமாரித் தடுப்பூசி முகாம் வந்துவிட்டது. என்னிடம் சொன்னார், போகிற வழிதானே, ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள் என்று. "பார்த்துட்டு மட்டும் வாங்கண்ணே. ஒண்ணும் செய்ய வேணாம்."

நான் போனபோது ஸ்டெல்லா வீட்டில் இல்லை, துணி கொடுக்கப் போயிருந்தாள். மெத்தை மதில்மேல் வெயிலில் கிடந்தது. ஈரம் பட்ட இடத்தில் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டு எறும்பைத் தட்டிவிட்டேன். அதற்குமேல் என் புத்தி வேலை செய்யவில்லை.

உள்ளே மகன் அந்தோணி உரச்சாக்கை உதறிக்கொண்டிருந்தான். அறுவடை எந்திரங்கள் பழுது பார்ப்பவன், நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் நற்கருணை. உறவெல்லாம் வரப்போகிறது, வீடு நாறுகிறது, இதற்குமேல் பொறுக்க முடியாது என்றான். எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவது வழக்கம். கண் தெரியாமல் ஆற்றைத் தாண்டிவிட்டால் வழி கண்டுபிடித்துத் திரும்பாது என்பார்கள். என் வீடு பாமணி ஆற்றுக்கு அக்கரையில்தான் இருந்தது. "அண்ணே, நீங்க அந்தப் பக்கம்தான போறீங்க" என்றான்.

சவரிமுத்து ஐயா நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். கலெக்டர் அவர் பாதத்தின்மேல் படுத்திருந்தது. அந்தோணி குனிந்து அதைத் தூக்கினான். "உங்க படுக்கையத்தாம்ப்பா நாசம் பண்ணுது. உங்களுக்காகத்தான் சொல்றேன்." ஐயாவின் வாய் திறந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் நின்றேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

நான் சாக்கை வாங்கிக்கொண்டேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னது நினைவில்தான் இருந்தது. ஒரு சின்ன உபகாரம்தானே, அதுவும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் விட்டவர் வீட்டுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூனை வழியெல்லாம் சத்தமே போடவில்லை. அக்கரையில் ஒரு அரிசி ஆலை இருக்கிறது. எலி இருக்கும், பட்டினி கிடக்காது என்று அங்கே அவிழ்த்துவிட்டேன். உமி மேட்டுக்குப் பின்னால் ஓடி மறைந்தது. நல்ல காரியம் செய்தவன் மாதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மருந்தகத்தைத் திறக்கப் போனபோது ஆடு மாடுகளுக்கு முன்னால் சவரிமுத்து ஐயா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறார். மாடு நிறுத்தும் கம்பிக் கூண்டுக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ரொம்ப நேரம் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"எங்க விட்ட?"

சொன்னேன்.

"மாணிக்கம், அது பூனை இல்லப்பா. நான்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே தொடர்ந்தார். "மூணு வாரமா வர்றதே தெரிய மாட்டேங்குது. முழிச்சுப் பாத்தா நனைஞ்சிருக்கு. மொதல் நாள் அந்தோணி பாத்துட்டு, பூனையான்னு கேட்டான். அதுக்கு முன்னாடி அது துணியில போயிருந்துச்சா, நானும் ஆமான்னுட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?" கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் தண்ணி தொறந்து அடைச்சவன். எனக்கு அடைக்க முடியலன்னு புள்ளகிட்ட எப்படிய்யா சொல்லுவேன்? எம்பழிய அது சொமந்துச்சு. நான் அதுக்குச் சாக்கக் காட்டிட்டேன்."

இன்று காலையும் படுக்கை நனைந்திருக்கிறது. யாரும் எழுவதற்குள் போர்வையைத் துவைத்து, மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். நாளைக்கு என்ன செய்வது? பூனையும் இல்லை, பழி போட ஆளும் இல்லை. அதைவிட, அந்தப் பூனை எங்கே கிடக்கிறதோ என்பது அவரை அரித்தது. டாக்டரம்மாவிடம் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கச் சிடுசிடுவென்று ஆட்டுக்காரர்களை விரட்டினேன்.

டாக்டரம்மா வந்ததும் பூனையை அக்கரையில் விட்ட என் குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டேன். பேனா மூடப்பட்டது. "ஒண்ணும் செய்ய வேணாம்னு சொன்னேனேண்ணே" என்றார். அவ்வளவுதான். பேனாவைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, படுக்கையைப் பார்த்தீர்களா என்று கேட்டார். மெத்தை வெயிலில் கிடந்தது என்றேன்.

"எறும்பு இருந்துச்சா?"

இருந்தது என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பார்த்துவிட்டுத் தட்டிவிட்டு வந்திருக்கிறேன். டாக்டரம்மா ஜன்னல் வழியாக வெளியே பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தார். என்னை எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஐயாவை உள்ளே கூப்பிட்டார். இந்த இடத்தை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வேலைக் காலத்தில் நான் பார்த்த மிகப் பெரிய வைத்தியம் இதுதான். அவருக்கு நாற்காலி போட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல், கலெக்டரின் பழைய சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார். "ஐயா, பூனைக்கும் சர்க்கரை வியாதி வரும். வந்தா தாகம் அதிகமா இருக்கும், நிறைய போகும், அடக்க முடியாது. அது யாரோட குத்தமும் இல்ல, மருந்து சாப்பிட்டா கட்டுப்படும். கலெக்டர் வந்ததும் நான் அதுக்குப் பாத்துடறேன். அதே அறையில படுக்கிறவங்களுக்கும் ஒரு தடவை பாத்துடறது நல்லது. மாணிக்கம் அண்ணன் கூட வருவாரு." இதில் ஒரு சொல் பொய் இல்லை. ஐயா தலையைக் குனிந்தபடியே, தாகம் அதிகமாகத்தான் இருக்கிறது என்றார். யாருக்கு என்று டாக்டரம்மா கேட்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனேன். விரலில் குத்தி ஒரு சொட்டு வைத்துப் பார்த்த நர்ஸ், எண்ணை எங்களிடம் சொல்லாமல் நேராக மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போனார். மருந்தும், சாப்பாட்டுக்கு ஒரு நூறு விதிகளும் கிடைத்தன. இது தெரியாமல் இன்னும் சில வாரம் போயிருந்தால் ஆளையே சாய்த்திருக்கும் என்று அந்த மருத்துவர் சொன்னார். ஐயா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "ஆலைக்குப் போவமா?" என்றார்.

ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஐயா களத்து ஓரத்தில் நின்று, கையோடு கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரைச் சாவிக்கொத்தால் தட்டினார். வீட்டில் அதற்குப் பால் வைக்கும்போது அப்படித்தான் தட்டுவாராம். "கலெக்டரே... கலெக்டரே..." என்று கூப்பிட்டார். வேலை செய்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். அலுவலகத்திலிருந்து ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். பூனை என்று நான் விளக்கியதும் களமே சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. தட்டிக்கொண்டே உமி மேட்டைச் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் தவிட்டு அறைக் கதவிடுக்கு வழியாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. உடம்பெல்லாம் தவிடு. வந்து அவர் பாதத்தின்மேல் உட்கார்ந்து, தன் வாலை நக்க ஆரம்பித்தது. "மன்னிச்சுக்கய்யா" என்று ஐயா அதனிடம் சொன்னார். நான் களத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பும்போது சாக்கு இல்லை, பூனை அவர் மடியில் வந்தது. வாசலில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். பூனையைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. ஐயா உள்ளே போனபிறகு, மருந்துச் சீட்டை அவளிடம் கொடுத்து, எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். பூனைக்குச் சர்க்கரை இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார், அதனால் ஐயாவுக்கும் பார்த்தோம் என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே" என்றாள். "அந்தத் துணியெல்லாம் தொவைக்கிறவ நான். பூனையோடது எது, மாமாவோடது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஏனம்மா பூனை என்று எங்களிடம் வந்தாய் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு எத்தன தடவ கூப்டிருப்பேன், எனக்கு என்னன்னு திட்டுவாங்க. அவங்க புள்ளகிட்ட நான் சொன்னா மாமா உடைஞ்சு போயிடுவாங்க. வேற எங்க போயி சொல்றது? அந்த டாக்டர் வீட்டையே வரையச் சொன்னாங்கல்ல, இவங்க கண்டுபிடிச்சிடுவாங்கன்னு தோணுச்சு." சீட்டை மடித்துப் புடவையில் செருகிக்கொண்டாள். "நேத்து நான் இருந்திருந்தா பூனைய அனுப்ப விட்டிருக்க மாட்டேன். அது இருந்தாத்தான மாமாவுக்கு மறைப்பு."

நான் முப்பது வருஷ சர்வீஸ்காரன். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டரம்மா சொன்னபடி கலெக்டருக்கும் சோதித்தார். வழக்கமான மணலுக்குப் பதில் பாண்டில் கழுவிய பொடிக்கல்லைப் போட்டு, அடியில் தேங்கிய மூத்திரத்தில் சர்க்கரை காட்டும் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை. பூனை நலம் என்று சீட்டில் எழுதினார். புதுநன்மை விருந்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. ஐயாவின் மெத்தைக்கு ஸ்டெல்லா ஒரு உறை தைத்துப் போட்டிருந்தாள், பூனைக்காக என்று எல்லோரிடமும் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து, சர்க்கரை கட்டுக்குள் வந்து, படுக்கை நனைவது நின்றபிறகு, ஐயா மருந்தகத்துக்கு வந்தார். மடிப்பு வேட்டி, வெள்ளைச் சட்டை. டாக்டரம்மா முன்னால் நின்றார். எங்கள் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"அதுல பூனை மேல புகார் இருக்குல்ல? படுக்கையில போகுதுன்னு. நானும் சர்க்கார் உத்தியோகம் பாத்தவன். ரிஜிஸ்தர்ல ஏறினது ஏறினதுதான், யாரும் அழிக்க மாட்டாங்க. அத மாத்தணும். அந்தோணிகிட்ட நேத்து சொல்லிட்டேன், நான்தான்டான்னு."

அந்தோணி என்ன சொன்னான் என்று கேட்டேன். வெளியே போய்விட்டானாம். சாயங்காலம் கலெக்டருக்கு மீன் வாங்கிக்கொண்டு வந்தானாம்.

பதிவேட்டில் எதையும் அடிக்கக் கூடாது, குறிப்புதான் சேர்க்கலாம். டாக்டரம்மா அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, புகாருக்கு எதிரே எழுதினார்: "விசாரித்ததில் இந்தப் பூனை மீது தவறு இல்லை." கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். ஐயா கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்துவிட்டு, கீழே தன் பெயரை எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாக எழுதினார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார்.

சாட்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "சாட்சியாண்ணே?" என்றார்.

பதிவேட்டில் அடித்தல் கூடாது என்பது எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, என் பெயருக்கு மேலே 'சாக்கில் கட்டிக் கொண்டுபோனவன்' என்று எழுதினேன்.